குடிசை உங்களுடையது, பட்டா யாருடையது?

கேள்வி: பாபநாசம் பக்கம் கிராமம். வயது 67, கணவர் காலமாகிவிட்டார். முதியோர் உதவித்தொகை 1,200 ரூபாய்தான் வருமானம். கீற்றுக் கூரை வீடு. மனைப் பட்டா இன்னும் கணவர் பெயரிலேயே இருக்கிறது. குடிசைக்குப் பதில் வீடு கட்ட அரசு பணம் தரும் 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டத்தில் வீடு கேட்டால், "வயசாயிடுச்சு, திருப்பூர்ல இருக்கிற மகன் பேருக்கு மனையை எழுதிக் குடுங்கம்மா, அவர் பேர்ல போடலாம்" என்கிறார்கள். எழுதிக் கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. வயதைக் காட்டி உங்களை ஒதுக்க இந்தத் திட்டத்தில் இடமில்லை. பார்ப்பது இரண்டுதான்: குடிசையில் குடியிருப்பது யார், மனை யார் பெயரில் இருக்கிறது. வெளியூரில் வாழும் மகன் முதல் கேள்வியிலேயே அடிபடுவார். வீடும் வராது, மனையும் கைவிட்டுப் போயிருக்கும். 'கடைசிவரை பராமரிக்க வேண்டும்' என்ற நிபந்தனையைப் பத்திரத்தில் எழுதியிருந்தால், 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-ஆம் பிரிவின்கீழ் கும்பகோணம் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுத்துப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். அந்த வரி இல்லாத பத்திரத்தோடு அலைபவர்கள்தான் அதிகம்.

முதலில் பட்டா. கணவரின் இறப்புச் சான்றைக் கொண்டு இ-சேவை மையத்தில் வாரிசுச் சான்றுக்கு விண்ணப்பியுங்கள். இந்துக் குடும்பம் என்றால் நீங்கள், பிள்ளைகள், உயிரோடு இருந்தால் மாமியார் எல்லோருமே வாரிசுகள். மகளை விட்டுவிட்டால் பிறகு சிக்கல். மற்றவர்கள் தங்கள் பங்கை உங்களுக்கு விட்டுக்கொடுத்து, விடுதலைப் பத்திரமாகப் பதிந்து தரட்டும். குடும்பத்துக்குள் என்பதால் முத்திரைத் தீர்வை 1%, பதிவுக் கட்டணம் 1% மட்டுமே. அதன்பின் பட்டா மாறுதல். ஆதார், ரேஷன் அட்டை, பட்டா மூன்றிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும்.

டெல்டாவில் இன்னொரு கண்ணி உண்டு. மனை கோயிலுக்கோ ஆதீனத்துக்கோ சொந்தமென்றால் பல தலைமுறை வாடகை ரசீது இருந்தாலும் அது பட்டா ஆகாது. வாய்க்கால் கரையும் அப்படியே, நீர்நிலைப் புறம்போக்குக்குப் பட்டா கிடைக்காது. அப்படி இருப்பவர்கள் வேறிடத்தில் இலவச வீட்டுமனை கேட்டு வட்டாட்சியரிடம் மனுக் கொடுப்பதே வழி.

பட்டா கைக்கு வந்ததும் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் மனுக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். அடுத்த கிராம சபையில் பயனாளிப் பட்டியலை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகியவை சபை கூடும் நாட்கள். பணி உத்தரவு வந்து, அதிகாரிகள் குடிசையைப் படம் எடுக்கும்வரை ஒரு கீற்றைக்கூடப் பிரிக்காதீர்கள். குடிசையே இல்லை என்று பெயரை நீக்கிவிட்டால் மீட்பது கடினம்.

உதவி 3.50 லட்சம் ரூபாய். வீடு 360 சதுர அடி, அதில் 300 கான்கிரீட் கூரை. பணம் முன்கூட்டி வராது. ஒவ்வொரு கட்டமும் முடிந்து அளவெடுத்த பிறகுதான் வங்கிக் கணக்கில் ஏறும். ஆகவே அடித்தளம் வரைக்குமான காசு முதலில் உங்கள் கையில் இருக்க வேண்டும். கொத்தனார் "இன்னும் நாலடி தள்ளிப் போடலாம்" என்பார். கேட்காதீர்கள். அந்த நாலடிதான் பல வீடுகளைக் கூரை இல்லாமல், வாசல் ஜன்னலுக்கு மேலுள்ள லிண்டல் மட்டத்தோடு நிறுத்தி வைத்திருக்கிறது.

நம் களிமண் மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். அதனால் கடைக்காலில் மணல் நிரப்பி, அடித்தள மட்டத்தில் சுற்றிலும் கான்கிரீட் பெல்ட் போடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் சுவரில் விரிசல் விழும். தை அறுவடை முடிந்து மாசியில் தொடங்கினால் ஐப்பசி மழைக்குமுன் கூரை போட்டுவிடலாம். வெள்ளத்துக்காகத் தரையை உயர்த்தும்போது படிகள் கூடும். ஒரு படி ஆறு அங்குலத்தைத் தாண்டாமல், பக்கத்தில் பிடிகம்பி வைக்கச் சொல்லுங்கள். கழிப்பறை வாசல் மூன்றடி அகலம் இருக்கட்டும், உள்ளே நாற்காலி போல் உட்காரும் பீங்கான் கோப்பை வையுங்கள்.