எண்பகுதியைத் தட்டினால் மவுஸ் அம்பு நகர்கிறதா?

இடப்பக்க ஆல்ட், இடப்பக்க ஷிப்ட் இரண்டையும் பிடித்தபடி நம் லொக் (Num Lock) விசையை ஒரு தடவை தட்டுங்கள். தோட்ட ஆபீஸில் தேயிலைக் கொழுந்து நிறை பதியும்போது விசைப்பலகையின் வலப்பக்க எண்கள் விழவில்லை, மவுஸ் அம்புதான் நகர்கிறது, நம் லொக் விளக்கும் எரிகிறது என்றீர்கள். பெரும்பாலும் இதிலேயே சரியாகிவிடும்.

விண்டோஸில் 'மவுஸ் கீஸ்' என்றொரு வசதி உண்டு. மவுஸைப் பிடிக்கக் கை ஒத்துழைக்காதவர்களுக்கு அது பெரிய உதவி. அது இயங்கும்போது 8 அம்பை மேலே தள்ளும், 2 கீழே, 4 இடம், 6 வலம். 5 கிளிக் செய்யும். ஒரு கையால் செக்ரோல் என்ற தொழிலாளர் பெயர்ப் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டே மறு கையால் தட்டும்போது அந்த மூன்று விசைகளும் தெரியாமல் சேர்ந்து அழுந்தியிருக்கலாம்.

அப்புறம் நோட்பேடைத் திறந்து 0 முதல் 9 வரை அடித்துப் பாருங்கள். எல்லாம் விழுந்தால் சரி. ஓரிரு எண்கள் மட்டும் விழாவிட்டால் விசைப்பலகையில்தான் கோளாறு. நம் பக்கத்துப் பனியும் ஈரமும் உள்ளே இறங்கியிருக்கலாம். வேறொரு விசைப்பலகையை மாட்டிப் பாருங்கள்.

ஆல்ட், ஷிப்ட், நம் லொக் மூன்றையும் தட்டியதும் 'மவுஸ் கீஸை இயக்கவா?' என்று ஒரு பெட்டி கேட்டால், அது ஏற்கெனவே அணைந்துதான் இருந்திருக்கிறது. 'வேண்டாம்' கொடுங்கள், காரணம் வேறு.

ஒன்றை மட்டும் தயவுசெய்து விடாதீர்கள். 5 கிளிக் செய்வதால் நிறை வேறொருவர் கட்டத்தில் விழுந்திருக்கவும் கூடும். இன்று பதிந்ததை கொழுந்து நிறுக்கும் மடுவத்து நிறைக் குறிப்போடு ஒவ்வொரு பெயராக ஒப்பிட்டுவிடுங்கள். கொழுந்து எடுத்தவர்களின் சம்பளம் அது.