முகம் தெரிகிறது, பெயர் வரவில்லை: இது மறதி நோயா?

சேலம் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வயது 64, கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார், பல வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கிறார். கல்யாண மண்டபத்தில் எதிரே வருபவரின் முகம் தெரிகிறது, எந்த ஊர், யாருக்குச் சொந்தம் என்பதுகூடத் தெரிகிறது, பெயர் மட்டும் வருவதில்லை. வீட்டுக்கு வந்து கை கழுவும்போது தானாக வந்துவிடுகிறது. "எங்க அம்மாவுக்குக் கடைசியில் மறதி நோய் இருந்தது. எனக்கும் ஆரம்பிச்சிடுச்சா? மகள் போனில் மூளைப் பயிற்சி விளையாட்டு போட்டுக் கொடுத்திருக்கா, ஆடினால் சரியாகுமா?" என்று கேட்கிறார்.

ஐயா, நீங்கள் எழுதியதில் எனக்கு நிம்மதி தந்தது அந்தக் கை கழுவும் வரிதான். பெயர் பிறகு வருகிறது என்றால் அது அழியவில்லை, தேவைப்பட்ட நேரத்தில் எடுக்க முடியவில்லை, அவ்வளவுதான். டொரன்டோவில் பல காலம் இதை ஆராய்ந்த உளவியல் பேராசிரியர் ஃபெர்கஸ் கிரெய்க் காட்டியது இதைத்தான்: எந்தத் துப்பும் இல்லாமல் தானாக நினைவுகூரச் சொன்னால் வயதானவர்கள் இளைஞர்களைவிட நன்றாகவே பின்தங்குவார்கள், அதையே கண்ணெதிரே காட்டி "இதைப் பார்த்தீர்களா?" என்று கேட்டால் அந்த வித்தியாசம் மிகவும் குறைந்துவிடும்.

பெயருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஒருவர் கொலுசு வியாபாரி என்றால் அவருடைய கடை, சரக்கு, பாக்கி என்று பிடித்துக்கொள்ள நிறைய இருக்கிறது; அவர் பெயர் ஏன் முருகேசன் என்பதற்கு ஒரு காரணமும் கிடையாது. மோஷே நவே-பெஞ்சமின் என்ற ஆய்வாளர் 2004-ல் வெளியிட்ட ஆய்வில், வயதானவர்களுக்கு முகமும் பெயரும் தனித்தனியாக ஓரளவு நன்றாகவே ஞாபகம் இருந்தன, எந்த முகத்துக்கு எந்தப் பெயர் என்ற இணைப்பில்தான் அதிகம் தடுமாறினார்கள். மண்டபத்தில் உங்களுக்கு நடப்பதும் இதுதான் என்று நினைக்கிறேன்.

அப்புறம் ஒன்று கேட்கிறேன், காது எப்படி? பட்டறைச் சத்தத்திலேயே இத்தனை வருடம் இருந்திருக்கிறீர்கள். மேளச் சத்தத்துக்கு நடுவில் ஒருவர் பெயர் சொல்ல, அது பாதிதான் காதில் விழுந்தது என்றால், மனதில் பதியவே இல்லாத பெயரை எப்படி எடுப்பீர்கள்? கேட்பதற்கே மூளை முழு முயற்சியும் போட்டால் நினைவில் வைக்க மிச்சம் குறைவு. காது கேளாமை மறதி நோய்க்கான ஆபத்துக் காரணிகளில் ஒன்று என்று 2024-ல் வந்த, லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு அறிக்கையும் சொல்கிறது. தயவுசெய்து பரிசோதித்துக்கொள்ளுங்கள், காதுக் கருவி வேண்டும் என்றால் கூச்சப்படாமல் போட்டுக்கொள்ளுங்கள்.

சரி, விளையாட்டு. பிடித்தால் ஆடுங்கள், மருந்தாக நினைத்து ஆட வேண்டாம். அமெரிக்காவில் 65 வயதைத் தாண்டிய 2,832 பேரை வைத்து 'ஆக்டிவ்' என்று ஒரு பெரிய ஆய்வு நடந்தது. எதில் பயிற்சி கொடுத்தார்களோ அதில் முன்னேறினார்கள், மற்ற திறன்களுக்கு அது பரவவில்லை. நினைவுப் பயிற்சியில் கிடைத்த பலன் 10 வருடம் கழித்துப் பார்த்தபோது நிற்கவில்லை. இதைவிட எனக்கு நம்பிக்கை தருவது பேராசிரியர் டெனிஸ் பார்க் குழு 2014-ல் வெளியிட்ட ஆய்வு. அதில் முதியவர்கள் மூன்று மாதம், வாரத்துக்குச் சுமார் 15 மணி நேரம், டிஜிட்டல் புகைப்படக் கலையோ துணி ஒட்டுத் தையலோ புதிதாகக் கற்றார்கள். சும்மா கூடிப் பேசிப் பொழுதுபோக்கியவர்களைவிட அவர்களுக்கு நினைவாற்றல் கூடியது. கஷ்டப்பட்டுப் புதிதாகக் கற்பதுதான் இதில் விஷயம். ஒரு நல்ல கேமராவைக் கையில் எடுத்து, பேரனையும் கூட்டிக்கொண்டு ஏற்காடு போங்கள், வெளிச்சம், ஃபோகஸ் எல்லாம் நீங்களே செட் பண்ணி எடுத்து, வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் திருத்தக் கற்றுக்கொள்ளுங்கள்.

பெயருக்கு உடனடி வழி: கேட்டதும் வாய்விட்டுத் திருப்பிச் சொல்லுங்கள், சரியாகக் கேட்கவில்லை என்றால் மறுபடி கேளுங்கள். ஐந்து நிமிடம் கழித்து மனதுக்குள் எடுத்துப் பாருங்கள், பிறகு சாப்பிட்டு முடித்ததும், பிறகு ராத்திரி படுக்கும் முன். திரும்பத் திரும்பப் படிப்பதைவிட இப்படி இடைவெளி விட்டு எடுத்துப் பார்ப்பதுதான் நன்றாகப் பதியும். மறதி நோயில் ஒரு வகையான அல்சைமர் வந்தவர்களுக்கே இந்த முறையைப் பயன்படுத்துகிறார்கள். மண்டபத்துக்குக் கிளம்பும் முன் யார் யார் வருவார்கள் என்று வீட்டம்மாவிடம் ஒரு முறை கேட்டுக்கொண்டு போவதிலும் தப்பே இல்லை.

அம்மாவைப் பற்றி: பெற்றோருக்கு இருந்தால் வாய்ப்பு ஓரளவு கூடும், கட்டாயம் வரும் என்று அர்த்தமில்லை.

ஆனால் இவற்றில் ஏதாவது இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். ஒரே கேள்வியைக் கொஞ்ச நேரத்தில் மறுபடி கேட்பது, தினமும் போகும் வழியில் திகைத்து நிற்பது, வருடக்கணக்காகப் போட்ட எடை, கூலிக் கணக்கு குழம்புவது, நேற்று நடந்ததை ஞாபகப்படுத்தினாலும் நடந்ததே தெரியாமல் இருப்பது. நீங்கள் கவலைப்படுவதைவிட வீட்டில் உள்ளவர்கள் அதிகம் கவலைப்பட்டால் அதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இவை எதுவும் இல்லாவிட்டாலும் ஒரு முறை பொது மருத்துவரைப் பாருங்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் நீண்ட காலம் எடுத்தால் வைட்டமின் பி12 குறையலாம், அந்தக் குறைபாடு மறதியைத் தரும், ஊசியிலோ மாத்திரையிலோ சரிசெய்யலாம். தைராய்டு, ரத்த அழுத்தம், மனச்சோர்வு, இவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். தூக்க மாத்திரை, அலர்ஜி மாத்திரை உட்பட இப்போது எடுக்கும் எல்லா அட்டைகளையும் பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டுங்கள், சில மாத்திரைகளே ஞாபகத்தை மந்தமாக்கும். போகும்போது வீட்டம்மாவையும் அழைத்துச் செல்லுங்கள், என்ன மறந்தீர்கள், எப்போது என்று அவர் தேதியோடு குறித்து வைத்தால் மருத்துவருக்கு அது மிகவும் உதவும்.