ஸ்கேலே கோணல் என்றால்?

இந்த வாரக் கடிதங்களில் பாதி, துண்டுத் துணிகளை இணைத்து குவில்ட் போர்வை தைப்பவர்கள் எழுதியவை. கையில் ரோட்டரி கட்டர், அதாவது பிடி வைத்த வட்டக் கத்தி. துணைக்கு, வரிசையாகக் காடிகள், அதாவது நீளமான பிளவுகள், திறந்த அக்ரிலிக் ஸ்கேல். கத்தி காடிக்குள்ளேயே ஓடுவதால், ஸ்கேலை நகர்த்தாமல் பட்டை பட்டையாக வெட்டிக்கொண்டே போகலாம்.

கே: சாதாரண ஸ்கேல் இருக்கும்போது காடி ஸ்கேலுக்குப் பணம் கொடுக்க வேண்டுமா?

ப: ஒரே அகலத்தில் நாற்பது, ஐம்பது பட்டை வெட்டுகிறவர் என்றால் வாங்கலாம். விரலும் தப்பும். ஆனால் பெரும்பாலான ஸ்கேல்களில் காடிகள் அரை அங்குலத்துக்கு ஒன்றுதான். முக்கோணக் கட்டங்களுக்கு 2 7/8 அங்குலம் வேண்டும் என்று வரும்போது பழைய ஸ்கேலைத்தான் தேடுவீர்கள். ஆகவே அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

கே: என்னிடம் இருப்பது 28 மி.மீ. கட்டர். காடிக்குள் விட்டால் துணி சரியாக அறுபடவில்லை.

ப: சின்னச் சக்கரம் வளைவு வெட்டுவதற்கு. காடிக்கு 45 மி.மீ. வாங்குங்கள்.

கே: கொஞ்சம் இடைவெளி விட்டு ஒவ்வொரு இடத்திலும் நான்கைந்து நூல் அறுபடாமல் நிற்கிறது. ஸ்கேலைத் திருப்பி அனுப்பலாமா?

ப: ஸ்கேல் என்ன பாவம் செய்தது? அந்த இடைவெளியை அளந்து பாருங்கள். ஏறக்குறைய 14 செ.மீ. இருந்தால் குற்றவாளி கத்திதான். 45 மி.மீ. வட்டம் ஒரு சுற்றுச் சுற்றினால் அவ்வளவு தூரம் ஓடும். விளிம்பில் ஓரிடம் மழுங்கியிருக்கிறது, சுற்றுக்கு ஒருமுறை அது துணியைத் தொடுகிறது. குண்டூசி மேல் ஏற்றினீர்களா, பிறந்தநாள் பரிசுக்குக் காகிதம் வெட்டினீர்களா என்று நான் கேட்கப் போவதில்லை.

பத்துக் கத்தி அடங்கிய மலிவு டப்பா ஒன்றை நானும் வாங்கினேன். முதல் கத்தி துணியை வெட்டவில்லை, மென்றது. மீதி ஒன்பதும் அதன் உடன்பிறப்புகள்.

கே: ஆன்லைனில் வாங்கிய காடி ஸ்கேலால் 2 1/2 அங்குலப் பட்டைகள் வெட்டினேன். பட்டைகள் நேராகத்தான் இருக்கின்றன, அகலம்தான் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. பேத்தியின் போர்வைக்கு எடுத்த துணி முழுவதும் போயிற்று. உறையைப் பிரித்துவிட்டீர்கள், திரும்ப எடுக்க மாட்டோம் என்கிறார் விற்றவர்.

ப: அம்மா, உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. பட்டை நடுவில் அம்புமுனைபோல் ஒடிந்திருந்தால் துணி மடிப்பு கோணல், குறை நம் கையில். நேராக இருந்தும் அகலம் மாறுகிறது என்றால் ஸ்கேலைச் சந்தேகப்படத்தான் வேண்டும். அதை ஒரு தாள் மேல் வைத்து, எல்லாக் காடிகளிலும் பென்சிலால் கோடு இழுங்கள். நல்ல ஸ்டீல் ஸ்கேலால் மேல் முனையிலும் கீழ் முனையிலும் அளந்து, அந்தத் தாளைப் படம் எடுத்து வையுங்கள். அதுதான் உங்கள் சாட்சி.

அரிசியில் நூறு கிராம் குறைந்தால் கடைக்காரரிடம் சண்டைக்கு நிற்கிறோம். அளக்கும் கருவியே பொய் சொன்னால் "பழகினால் சரியாகிவிடும்" என்று நமக்கே அறிவுரை சொல்கிறார்கள். பட்டைக்கு 1/16 அங்குலம் பிசகினால் பதினாறாவது பட்டையில் ஒரு முழு அங்குலம் காணாமல் போகும். எந்தப் பழக்கம் அதைத் திருப்பித் தரும்? கத்தி ஆடும் அளவுக்கு அகலமான காடி, இறக்குமதியாளர் பெயரோ முகவரியோ இல்லாத உறை, அதன் மேல் "துல்லியம்" என்ற கொட்டை எழுத்து. இதற்கெல்லாம் பெயர் ஸ்கேல்!

பிரித்துப் பார்க்காமல் குறையை எப்படிக் கண்டுபிடிப்பதாம்? குறையுள்ள பொருளையும், விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளையும் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது என்கின்றன 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள். தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் அவர் தீர்வு சொல்ல வேண்டும். அசையவில்லை என்றால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும், 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. ஸ்கேல் விலையோடு நிற்காதீர்கள், பாழான துணிக்கும் கேளுங்கள். துணி வாங்கிய பில் இருக்கிறதல்லவா?

கே: கட்டரை மேஜையில் வைத்துவிட்டுப் போன் பேசப் போனேன். திரும்பி வந்து எடுக்கும்போது விரலில் ஆழமாக வெட்டிவிட்டது. கம்பெனியிடம் நஷ்டஈடு கேட்கலாமா?

ப: கத்தியை மூடாமல் போனது கம்பெனியா?

கே: வெட்டும்போது துணிக்கு அடியில் விரிக்கும் கட்டிங் மேட் மேலேயே துணியை இஸ்திரி போட்டேன். மேட் அப்பளம்போல் வளைந்துவிட்டது. நிமிர்த்த வழி உண்டா?

ப: உங்களைத் திட்டத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் என் முதல் மேட் மேல் குக்கரை இறக்கி வைத்தது நினைவுக்கு வந்துவிட்டது. வட்டமாக ஒரு குழி, ஓரமெல்லாம் மேலே தூக்கிக்கொண்டது. இப்போது அது எங்கள் கிரைண்டருக்கு அடியில் கிடக்கிறது. மூன்று வருடமாகியும் நிமிரவில்லை.