வாசகர் கேள்வி - பதில்: அச்சில் ஏறிய வழக்கும் ஏறாத கூத்தும்

கேள்வி: எங்கள் ஊர்த் தெருக்கூத்து வாத்தியார் ஒருவரைப் பற்றி விக்கிப்பீடியாவில் கட்டுரை இருக்கிறது. அதில் பாதிக்கு மேல் ஒரு பழைய வழக்கு. அது தள்ளுபடியாகிப் பல வருடமாகிறது. அந்தப் பத்தியை நீக்கினால் உடனே திருப்பிப் போடுகிறார்கள். அவருடைய கூத்தைப் பற்றி நாங்கள் எழுதியதை மட்டும் சான்று இல்லை என்று எடுத்துவிட்டார்கள். இது நியாயமா?
- பெயர் வேண்டாம் என்ற வாசகர், பென்னாகரம்

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. விடிய விடிய ஆடிய கூத்து எதுவும் பத்திரிகையில் வரவில்லை, போலீஸ் வழக்கு மட்டும் மறுநாளே வந்துவிட்டது, அச்சிலோ இணையத்திலோ நம்பகமான இடத்தில் வெளியானதைத்தான் விக்கிப்பீடியா சான்றாக ஏற்கும் என்பதால் நம் பக்கத்துக் கலைஞர்கள் பலருக்கும் இந்த அநியாயம் நடக்கிறது. ஆனாலும் சான்று கேட்பதைக் குறை சொல்ல மாட்டேன். 2005-ல் ஜான் சீகன்தாலர் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளரைக் கென்னடி சகோதரர்களின் கொலையோடு முடிச்சுப்போட்டு யாரோ எழுதிய பொய், ஆங்கில விக்கிப்பீடியாவில் நாலு மாதம் போல அப்படியே கிடந்தது. உயிரோடு இருப்பவர்களைப் பற்றிச் சான்றில்லாத அவதூறு இருந்தால் யாரையும் கேட்காமல் உடனே நீக்கலாம் என்ற கடுமையான விதி அதற்கப்புறம்தான் வந்தது.

உங்கள் விஷயத்தில் வழக்குக்குச் சான்று இருக்கிறது, அதனால் வெறுமனே நீக்கினால் நிற்காது. தள்ளுபடியான செய்தி எந்த நாளிதழில் வந்தது என்று தேடிப் பிடித்து அதைச் சேருங்கள். தீர்ப்பு நகலை நேரடியாக வைக்காதீர்கள், உயிரோடு இருப்பவர் விஷயத்தில் ஆங்கில விக்கியில் அதைச் சான்றாக ஏற்பதில்லை. பிறகு கட்டுரையின் உரையாடல் பக்கத்தில், ஒரு வாழ்க்கையில் இந்த வழக்குக்கு இவ்வளவு இடம் தகுமா என்று கேளுங்கள். சான்று இருந்தாலும் அளவுக்கு மீறி இடம் கொடுப்பது நடுநிலை ஆகாது என்பதும் அவர்களுடைய விதிதான்! நீங்கள் அவருடைய சீடர் என்றால் அதையும் அங்கே சொல்லிவிடுங்கள். ஆளுக்கொரு கணக்கு தொடங்கி மாற்றி மாற்றி நீக்குவது மட்டும் வேண்டாம், தடை செய்துவிடுவார்கள்.

கூத்துக்குச் சான்று வேண்டுமென்றால் நாட்டார் கலை ஆய்வேடுகள், மாவட்டக் கலை மன்ற விருதுச் செய்திகள், பழைய நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்கள் என்று தேடுங்கள். அலைச்சல்தான், ஆனால் கிடைத்ததை வைத்து எழுதினால் லேசில் எடுக்க முடியாது.

கேள்வி: ராஜாஜி எங்கள் தொரப்பள்ளிக்காரர். அவர் கட்டுரையில் 1953 கல்வித் திட்டச் சர்ச்சை எதற்கு, பெருமை மட்டும் போதாதா?
- ஒரு வாசகர், ஓசூர்

பதில்: போதாது. குலக்கல்வி என்று எதிர்ப்புக் கிளம்பிய அந்தத் திட்டத்தை விட்டுவிட்டால், 1954-ல் அவர் ஏன் பதவி விலகினார், காமராஜர் வந்ததும் ஏன் அதைக் கைவிட்டார் என்பது படிப்பவருக்குப் புரியாது. 1937-ல் சேலம் மாவட்டத்தில் அவர் கொண்டுவந்த மதுவிலக்கும் இருக்கட்டும், இதுவும் இருக்கட்டும். பிறந்த ஊரை மட்டும் கவனமாக எழுதுங்கள்: அவர் பிறந்த 1878-ல் அது சேலம் மாவட்டம், 1965-ல் தர்மபுரி, 2004-ல்தான் கிருஷ்ணகிரி.