பித்தத்துக்குள் மருந்து போகுமா? – கேள்வி பதில்

திருகோணமலையில் குளிசை எண்ணிக் கொடுத்தே தலை நரைத்த மருந்தாளன் நான். அன்ரிபயோட்டிக்கும் பித்தமும் பற்றிக் கேளுங்கள். அலுமாரியில் மிஞ்சிக் கிடப்பதை விழுங்கலாமா என்று மட்டும் கேட்காதீர்கள்.

உப்புவெளி: அம்மாவுக்குப் பித்தப்பையில் கல். காய்ச்சலோடு வாட்டில் இருக்கிறார். செஃப்ட்ரியாக்சோன் ஊசி பித்தம் வரை போகுமா ஐயா?

நன்றாகப் போகும் தங்கச்சி. போட்ட மருந்தில் 33 முதல் 67 சதவீதம் சிறுநீரில் போகும். மிச்சத்தில் பெரும்பகுதி பித்தத்தோடு இறங்கும். பிப்பரசிலினும் பித்தத்தில் நன்றாகச் சேரும். ஜென்டாமைசின் சிறுநீரகத்தின் பிள்ளை, இந்தப் பக்கம் குறைவாகத்தான் எட்டிப் பார்க்கும். ஆனால் இதெல்லாம் பித்தம் ஓடும்வரை சொல்லும் கணக்கு. கல் இறங்கிப் பித்தக்குழாயை அடைத்தால் மருந்தும் வாசலில் நின்றுவிடும். இரத்தத்தில் தாராளமாக இருக்கும், அடைபட்ட குழாய்க்குள் பெயருக்குத்தான் இருக்கும். அதனால்தான் வாய்வழியாகக் கமெரா விட்டு அடைப்பை எடுக்கிறார்கள். எடுத்த பிறகு 4 முதல் 7 நாள் மருந்து என்கிறது பித்தத் தொற்றுக்கான 2018 டோக்கியோ மருத்துவ வழிகாட்டி. அம்மாவின் கண் மஞ்சளாகிறதா என்று பாருங்கள். ஆகினால் விடியும்வரை காத்திராமல் டொக்டரிடம் சொல்லுங்கள்.

தம்பலகாமம்: போன முறை மிஞ்சிய சிப்ரோ அன்ரிபயோட்டிக் குளிசை 6 இருக்கிறது...

வேண்டாம்.

மூதூர்: சிப்ரோவைப் பாலோடு குடிக்கலாமா?

பாலின் கல்சியம் மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வெறும் தண்ணீரோடு குடியுங்கள்.

கிண்ணியா: மகனுக்கு செஃப்ட்ரியாக்சோன் 10 நாள் போட்டார்கள். முதல் ஸ்கானில் ஒன்றுமில்லை, இப்போது கல் என்கிறார்கள். ஊசியா காரணம்?

இருக்கலாம். பித்தத்தில் சேரும் இந்த மருந்து அங்குள்ள கல்சியத்தோடு கூடிப் படியும். ஸ்கானில் அசல் கல் போலவே நிழல் விழும். ஊசியை நிறுத்தினால் பெரும்பாலும் தானாகக் கரைந்துவிடும். சத்திரசிகிச்சை என்று பேச்சு வந்தால், ஊசி போட்ட திகதிகளைக் காட்டி, இன்னொரு ஸ்கான் எடுத்துப் பார்க்கலாமா என்று கேளுங்கள்.

நிலாவெளி: பித்தத்தில் சேர்வதை மேலே புகழ்ந்தீர்கள், இங்கே குற்றம் சொல்கிறீர்கள்?

அதே குணம்தான் தம்பி. கிருமிக்கு எமன், சில வேளை மண்டி.

கன்னியா: ஊசியை நிறுத்தியதால் கரைவதாவது! எங்கள் மாமாவின் கல்லைக் கரைத்தது கீழ்க்காய்நெல்லிச் சாறு.

மாமாவுக்கு என்ன ஊசி போட்டார்கள்?

கன்னியா: நீங்கள் சொன்னதுதான். ஆனால் சாறு குடித்து மூன்றாம் கிழமைதான் கல் போனது.

ஊசி நிறுத்தியும் மூன்று கிழமைதானே?

கன்னியா: ஓம்... ஆனாலும் சாறுதான்.

சரி, பெயரை நெல்லியே எடுத்துக்கொள்ளட்டும்.

சாம்பல்தீவு: அலுமாரியில் அமொக்சிசிலின் கொஞ்சம் இருக்கிறது...

முதல் பந்தியை வாசியுங்கள்.