டி.இ.எஃப். ஊற்றியும் விளக்கு அணையவில்லையே! – வாகனக் கேள்வி பதில்

சம்பா அறுவடை முடிந்து நெல் மூட்டைகள் கொள்முதல் நிலையங்களுக்குப் போகும் காலமாதலால், பிக்கப் வண்டி வைத்திருக்கும் டெல்டா வாசகர்களின் கடிதங்கள் இம்முறை அதிகம். அவற்றுள் பெரும்பாலானவை, ஓட்டுநர்கள் ஆட்புளூ என்றும் யூரியா என்றும் சொல்லும் டி.இ.எஃப். திரவத்தைப் பற்றியவை. டீசல் புகையைச் சுத்தமாக்கும் யூரியா கரைசல் அது. 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 6 புகை மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் நடைமுறைக்கு வந்த பின் டீசல் வண்டிகள் பலவற்றில் இந்த அமைப்பு இடம்பெற்றது. எல்லா பிக்கப்பிலும் இது கிடையாது. டீசல் மூடிக்கு அருகிலோ பானெட்டுக்குள்ளோ நீல மூடி ஒன்று இருந்தால் உங்கள் வண்டியில் உண்டு என்று கொள்ளலாம். இத்திரவம் சூடான புகையில் தெளிக்கப்பட்டு அமோனியாவாக மாறுகிறது. அந்த அமோனியா, புகைக்குழாயில் உள்ள வினையூக்கிக்குள் நைட்ரஜன் ஆக்சைடு நச்சுகளை வெறும் நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்றுகிறது. வேலை இவ்வளவுதான் என்றாலும், இதற்குக் காவலாக நிற்கும் சென்சார்கள் பல.

கேள்வி: ஐயா, ‘டி.இ.எஃப். குறைவு’ என்று எச்சரிக்கை வந்ததும் ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் என்று ஊற்றிப் பார்த்தேன். விளக்கு அணையவில்லை. குறிப்பிட்ட கிலோமீட்டருக்குப் பிறகு வண்டி கிளம்பாது என்று திரையில் காட்டுகிறது. தொட்டியையே மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். உண்மைதானா? – வாசகர், மன்னார்குடி

பதில்: தொட்டிக்குப் போகுமுன் அந்த எச்சரிக்கை எதைப் பற்றியது என்று தெரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலான வண்டிகளில் விளக்கு ஒன்றுதான். ஆனால் அது சொல்லும் புகார்கள் வேறுவேறு. திரவம் குறைவு என்பது ஒன்று, திரவத்தின் தரம் சரியில்லை என்பது மற்றொன்று, திரவம் தெளித்தும் புகை சுத்தமாகவில்லை என்பது இன்னொன்று. ஸ்கேனர் போட்டுப் பார்த்து, அதில் வரும் பிழை எண்ணை மெக்கானிக்கிடம் எழுதித் தரச் சொல்லுங்கள். பி 203 எஃப் என்றால் அளவு குறைவு. பி 207 எஃப் என்றால் தரம். பி 20 இ 8 என்றால் திரவக் குழாயில் அழுத்தம் போதவில்லை. பி 20 இ இ என்றால் வினையூக்கியின் செயல்திறன் குறைவு. எண்ணைச் சொல்லாமல் பாகத்தின் விலையை மட்டும் சொல்பவரிடம் வண்டியை விட வேண்டாம் என்பது என் கருத்து.

உங்கள் எண் அளவுக் குறைவாகவே இருந்தால், பழுது எதுவும் இல்லாமலும் இருக்கலாம். பல வண்டிகளில், ஒரே தடவையில் சில லிட்டர்களாவது சேர்ந்தால்தான் திரவம் நிரப்பப்பட்டதாகக் கணினி ஏற்றுக்கொள்ளும். ஒரு லிட்டர் ஊற்றினால் அதற்குத் தெரியாது. எனவே வண்டியைச் சமதளத்தில் நிறுத்துங்கள். களத்து மேட்டுச் சரிவிலோ வாய்க்கால் கரையிலோ சாய்வாக நிறுத்தி ஊற்றினால் அளவு தவறாகத்தான் தெரியும். இக்னிஷனை அணைத்துவிட்டு, கையேட்டில் சொல்லியிருக்கும் குறைந்தபட்ச அளவையாவது ஒரே மூச்சில் ஊற்றி, சில நிமிடம் விட்ட பின் சாவியைப் போட்டுப் பாருங்கள். இடைவெளி விடுவதற்குக் காரணம் உண்டு: அளவையும் அடர்த்தியையும் ஒலி அலைகளால் அறியும் சென்சார்கள், திரவத்தில் காற்றுக் குமிழிகள் இருக்கும்வரை குழம்பிப்போகும்.

தரம் பற்றிய எண் வந்திருந்தால், ஒளி வளைவதைக் கொண்டு யூரியாவின் அளவைக் காட்டும் கையடக்க ஒளிவிலகல்மானி ஒன்றால் சில துளிகளிலேயே விடை காணலாம். நல்ல திரவத்தில் எடைக்கணக்கில் நூற்றுக்கு 32.5 பங்கு யூரியா இருக்கும், 31.8 முதல் 33.2 வரை ஏற்கத்தக்கது. அதற்குக் கீழே காட்டினால் யாரோ தண்ணீர் கலந்திருக்கிறார்கள்; மேலே காட்டினால் திறந்த கேனில் நீர் ஆவியாகியிருக்கக்கூடும். அப்போது தொட்டியை முழுவதும் வடித்து, நல்ல திரவம் நிரப்பினாலே போதும். ஆனால் நிரப்பியவுடன் விளக்கு அணையாது. கணினி புதிய திரவத்தைச் சோதித்துத் திருப்தி அடையும்வரை கொஞ்ச தூரம் ஓட்ட வேண்டியிருக்கும். இந்த இடைவெளியில்தான் பலர் பொறுமையிழந்து, தேவையில்லாத பாகங்களை வாங்கிவிடுகிறார்கள்.

கிலோமீட்டர் கணக்கு ஓடிக்கொண்டிருக்கும்போது வண்டியை மூட்டையோடு வெளியூருக்கு அனுப்பாதீர்கள். கணக்கு பூஜ்யத்தைத் தொட்ட பின் என்ஜினை அணைத்தால் மீண்டும் கிளம்பாத வண்டிகள் உண்டு. சில வண்டிகள் கிளம்பினாலும் இழுவை குறைந்து ஊர்ந்துதான் செல்லும்.

கேள்வி: வயலுக்கு வாங்கிய யூரியா மூட்டை வீட்டில் இருக்கிறது. அதை ஆர்.ஓ. தண்ணீரில் கரைத்து ஊற்றினால் என்ன? என் நண்பர் அப்படித்தான் செய்கிறார். அவர் வண்டி நன்றாக ஓடுகிறதே! – வாசகர், திருவையாறு

பதில்: ஊற்றாதீர்கள். நண்பரின் வண்டி இன்று ஓடுவது உண்மையாகவே இருக்கலாம். கணினியை ஏமாற்றுவது அவ்வளவு சுலபம். தொட்டியிலுள்ள தர சென்சார் திரவத்தின் அடர்த்தியை மட்டுமே அளக்கிறது. சரியான விகிதத்தில் கரைத்துவிட்டால் அது ‘சரி’ என்றுதான் சொல்லும். அதில் வேறு என்ன கலந்திருக்கிறது என்று அதற்குத் தெரியாது. ஒளிவிலகல்மானியும் அப்படியே.

கலந்திருப்பவை என்னென்ன என்று பாருங்கள். நம் நாட்டில் 2015 முதல் உர யூரியா பெரும்பாலும் வேப்பெண்ணெய் பூசியே வருகிறது. மூட்டையைப் பிரித்ததும் வரும் வாடையே அதற்குச் சாட்சி. பயிருக்கு மெல்ல மெல்ல நைட்ரஜன் கிடைக்கச் செய்யும் அந்தப் பூச்சு, ஊசிமுனை போன்ற தெளிப்புத் துளைகளுக்கும் வடிகட்டிக்கும் பகை. அடுத்தது பையூரெட். யூரியா தயாரிப்பின்போது உண்டாகும் இந்தத் துணைப்பொருள், டி.இ.எஃப். திரவத்தில் நூற்றுக்கு 0.3 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது ஐ.எஸ்.ஓ. 22241 தரநிலை, உர யூரியாவில் இது பல மடங்கு இருக்கலாம். இது புகைக்குழாயின் சூட்டில் எளிதில் கரையாத படிவமாகத் தங்கிவிடும். மூன்றாவது தண்ணீர். அத்தரநிலை கால்சியம், இரும்பு போன்றவற்றுக்கு அனுமதிக்கும் அளவு கிலோவுக்கு 0.5 மில்லிகிராம் மட்டுமே. வீட்டு ஆர்.ஓ. இயந்திரம் குடிக்கத் தகுந்த நீரைத் தருமே தவிர, இத்தனை சுத்தமான நீரைத் தராது. கிழக்கே போகப் போக உப்பேறிக் கிடக்கும் நம் போர்வெல் தண்ணீரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இந்த உலோகங்களும் பாஸ்பேட்டும் வினையூக்கியின் மேற்பரப்பில் படிந்து, கொஞ்சம் கொஞ்சமாக அதைச் செயலிழக்கச் செய்கின்றன. சேதம் வெளியே தெரியும்போது பி 20 இ இ என்ற எண்ணாக வரும். அப்போது நல்ல திரவம் ஊற்றினாலும் பயன் இராது. அமைப்பிலேயே விலை உயர்ந்த பாகங்களுள் ஒன்று அந்த வினையூக்கி.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. மானிய யூரியாவை உழவுக்கல்லாத வேலைக்குத் திருப்புவது 1985ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணையின்படி குற்றம். பயிருக்கு மேலுரம் கிடைக்காமல் கூட்டுறவுச் சங்க வாசலில் வரிசையில் நின்றவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

கேள்வி: கோடியக்கரையிலிருந்து மீனும், வேதாரண்யத்திலிருந்து உப்பும் ஏற்றுகிறேன். பி 2200 என்ற எண் வந்து நாக்ஸ் (நைட்ரஜன் ஆக்சைடு) சென்சாரை மாற்றினேன். சில வாரங்களில் அதே எண் திரும்ப வந்துவிட்டது. மீண்டும் மாற்றச் சொல்கிறார்கள். – வாசகர், வேதாரண்யம்

பதில்: இரண்டாவது சென்சாரை வாங்குமுன் வயரைப் பாருங்கள். அந்த எண் ‘சென்சார் கெட்டது’ என்று சொல்லவில்லை; சென்சாரின் மின்சுற்றில் கோளாறு என்றுதான் சொல்கிறது. அச்சுற்றில் பியூஸ், வயர், கனெக்டர், பூமி இணைப்பு அனைத்தும் அடக்கம். உப்புக்காற்றிலும் மீன் பெட்டியிலிருந்து ஒழுகும் தண்ணீரிலும் ஓடும் வண்டியில், சேசிஸ் ஓரம் பொருத்தப்பட்டிருக்கும் சென்சார் பெட்டியின் கனெக்டரைத் தனியாகக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். ஊசிகளின் மேல் பச்சை பூத்திருந்தால் காரணம் அதுவேதான். டி.இ.எஃப். கசிவு உள்ள வண்டியில் வெள்ளைப் பூப்பும் சேர்ந்திருக்கும். இந்தத் திரவம் வயரின் செம்பு இழைகளுக்கிடையே ஊர்ந்து, கசிந்த இடத்துக்கு வெகுதூரத்தில் போய் அரிக்கும் குணமுடையது. ஆகவே பச்சையோ வெள்ளையோ கண்டால் வயரின் உறையைக் கொஞ்சம் உரித்து, உள்ளே செம்பு கறுத்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். நெல் கிட்டங்கி ஓரம் நிறுத்தும் வண்டிகளில் எலி கடித்த வயரும் இதே எண்ணைத் தரும்.

வயர் சரியாக இருந்தால் புகைக்குழாயில் கசிவு உண்டா என்று பாருங்கள். சைலன்சர் துருவேறி ஓட்டை விழுந்தால் வெளிக்காற்று உள்ளே கலந்து, சென்சாரின் கணக்கு பிசகும். அதை ஒட்ட வைக்க வெல்டிங் அடிப்பதானால், பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, கையேடு சொல்லும் கனெக்டர்களையும் விடுவித்துவிட்டு அடியுங்கள். அந்த மின்னோட்டம் கணினிகளின் வழியே பாய்ந்தால் ஓட்டையை அடைத்த கையோடு வேறொரு பெரிய செலவும் வந்து சேரும். இத்தனையும் பார்த்த பிறகும் எண் வருமானால், அப்போது சென்சாரைச் சந்தேகிப்பதில் நியாயம் உண்டு. வாங்கிய ரசீது இருந்தால் உத்தரவாதத்தையும் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: வெற்றிலைக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் சந்தைக்குப் போய் வருவது மட்டுமே என் வண்டியின் வேலை. சைலன்சர் பக்கம் வெள்ளையாகக் கல் போல் படிகிறது. அழுத்தக் குறைவு என்று அடிக்கடி வருகிறது. – வாசகர், கும்பகோணம்

பதில்: உங்கள் வேலையே ஒரு காரணம். தெளிக்கப்படும் திரவம் ஒழுங்காக அமோனியாவாக மாற, புகையின் சூடு ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸையாவது எட்ட வேண்டும். குறைந்த தூரம், மெதுவான ஓட்டம், நின்று நின்று செல்லும் தெருக்கள் ஆகியவற்றில் அந்தச் சூடு கிடைப்பதற்குள் பயணம் முடிந்துவிடுகிறது. மாறாத யூரியா படிகமாகத் தெளிப்பானின் வாயில் உறைகிறது. வாரத்துக்கு ஒரு முறையாவது பாரத்தோடு தஞ்சாவூர்ச் சாலையில் அரை மணி நேரம் ஒரே வேகத்தில் ஓட்டுங்கள். படிந்துவிட்டதை ஆணியாலோ கம்பியாலோ சுரண்ட வேண்டாம். தெளிப்பானைக் கழற்றி அதன் முனையை வெதுவெதுப்பான நீரில் ஊறவிட்டால் படிகம் தானே கரையும். டீசலோ மண்ணெண்ணெயோ அதன் அருகில் வரவே கூடாது.

கேட்காத ஒன்றையும் கேட்கிறேன்: என்ஜினை அணைத்தவுடன் பேட்டரி சுவிட்சையும் அணைக்கிறீர்களா? பல வண்டிகளில், சாவியை எடுத்த பிறகும் பம்பு ஓரிரு நிமிடம் இயங்கி, குழாயில் மிஞ்சிய திரவத்தைத் தொட்டிக்கே திரும்ப இழுத்துக்கொள்ளும். இரவில் வண்டியடியில் கேட்கும் மெல்லிய உறுமல் அதுதான். பாதியில் மின்சாரத்தைத் துண்டித்தால் திரவம் குழாயிலும் தெளிப்பானிலும் தங்கி, விடிவதற்குள் காய்ந்து அடைத்துக்கொள்ளும். அந்தச் சத்தம் நின்ற பிறகே சுவிட்சைத் தொடுங்கள். இந்த இரண்டையும் திருத்திய பிறகும் பி 20 இ 8 வந்தால், வடிகட்டியையும் அதன்பின் பம்பையும் அந்த வரிசையில் பாருங்கள்.

கேள்வி: தேங்காய் ஏற்ற வந்த பையன் டி.இ.எஃப். தொட்டியில் டீசலை ஊற்றிவிட்டான். அரை லிட்டருக்குள்தான் இருக்கும். ஓட்டலாமா? – வாசகர், பட்டுக்கோட்டை

பதில்: சாவியைக்கூடப் போடாதீர்கள். சாவி போட்டதும் பம்பு இயங்கி, டீசலைக் குழாய்களுக்குள் அனுப்பிவிடக்கூடும். அங்குள்ள ரப்பர் வளையங்கள் டீசல் பட்டால் ஊதிக் கெடும். வண்டியைத் தள்ளி நிறுத்தி, தொட்டியைக் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். நேர்மாறாக டீசல் தொட்டியில் டி.இ.எஃப். விழுந்தாலும் இதே விதிதான். அது டீசலைவிடக் கனமானதால் அடியில் போய்த் தங்கி, முதலில் உறிஞ்சப்படும்.

கேள்வி: இந்த அமைப்பையே செயலிழக்க வைக்கும் சிறு பெட்டி ஒன்றை மாட்டிக்கொண்டால் தொல்லையே இல்லை என்கிறார்கள். புகைச் சான்றிதழும் கிடைத்துவிடுகிறதாமே? – வாசகர், மயிலாடுதுறை

பதில்: சான்றிதழ் கிடைப்பது உண்மை. டீசல் வண்டிக்குப் புகைச் சோதனை மையத்தில் அளப்பது புகையின் கருமையை. நைட்ரஜன் ஆக்சைடுகளுக்கு நிறமே பெரிதாகத் தெரியாது. அதனால் அந்தப் பெட்டி சட்டப்படி சரி என்று ஆகிவிடாது. உற்பத்தியாளர் கொடுத்த அமைப்பை மாற்றுவதை 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு தடுக்கிறது. வண்டியின் உத்தரவாதமும் போகும். அது மட்டுமன்று, அப்பெட்டி கணினிக்குப் பொய்யான தகவல் தருவதால், பின்னாளில் வரும் உண்மையான பழுதை எந்த மெக்கானிக்காலும் கண்டுபிடிக்க இயலாது. கழற்றியெறிந்த பிறகே ஆராய்ச்சியைத் தொடங்க வேண்டியிருக்கும். நைட்ரஜன் ஆக்சைடு நுரையீரலை எரிச்சலூட்டுவது. அதைச் சுவாசிப்பதில் முதல் ஆள், நாளெல்லாம் வண்டியோடு இருக்கும் ஓட்டுநர்தான்.

கேள்வி: அறுவடைக் காலத்துக்கு என்று பத்து கேன் வாங்கி வைத்தால் எவ்வளவு நாள் தாங்கும்? – வாசகர், திருத்துறைப்பூண்டி

பதில்: வெப்பத்தைப் பொறுத்தது. 30 டிகிரிக்குக் கீழ் வைத்தால் ஓராண்டும், 35 டிகிரிக்குக் கீழ் வைத்தால் ஆறு மாதமும் தாங்கும் என்பது தரநிலை. கத்திரி வெயிலில் தகரக் கொட்டகைக்குள் வைத்தால் அந்தக் கணக்கெல்லாம் செல்லாது. நிழலான, காற்றோட்டமான ஓட்டு வீட்டு மூலை நல்லது. வாங்கும்போது தயாரித்த தேதியைப் பார்த்து, பழையதை முதலில் தீர்த்துவிடுங்கள். பித்தளை, செம்பு, நாகம் பூசிய வாளி, ஆயில் ஊற்றிய புனல் எதையும் பயன்படுத்தக் கூடாது. இதற்கென்று ஒரு பிளாஸ்டிக் புனலை ஒதுக்கி, பையில் கட்டித் தொங்கவிடுங்கள். திறந்த கேனைச் சில வாரங்களுக்குள் தீர்த்துவிடுவதும், ஒவ்வொரு முறையும் மூடியை இறுக்குவதும் போதும்.