குறும்படம், வீடியோ போன்றவற்றுக்கு இலவசமாகவும் சட்டப்படியும் இசை எங்கே கிடைக்கும்?

படத்தொகுப்பு முடிந்திருக்கும், வெளியிடும் தேதியை எல்லோரிடமும் சொல்லியிருப்பீர்கள், இசை மட்டும் பாக்கி. இதைக் கேட்கிறவர்கள் பெரும்பாலும் அந்த நிலைமையில்தான் இருப்பார்கள். அதனால் இடங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் எழுத வந்த விஷயம் அதற்கப்புறம்.

யூடியூபுக்கு மட்டும் என்றால் யூடியூப் ஸ்டூடியோவுக்குள் இருக்கும் ஆடியோ லைப்ரரியே போதும். சில இசைக்குப் பெயர் போட வேண்டும், சிலவற்றுக்கு வேண்டாம். தேடும்போதே பிரித்துப் பார்க்கலாம். ஃப்ரீ மியூசிக் ஆர்க்கைவ் 2009இல் அமெரிக்காவின் டபிள்யூஎஃப்எம்யூ வானொலி தொடங்கியது. பிறகு கைமாறிவிட்டது, ஆனாலும் சரக்கு நிறைய இருக்கிறது. அங்கே ஒவ்வொரு பாடலுக்கும் ஒவ்வொரு உரிமம், தளம் முழுக்க ஒரே விதி என்று நினைத்து எடுக்கக் கூடாது. கெவின் மெக்லியோடின் இன்காம்பிடெக், சிசிமிக்ஸ்டர், பிக்ஸபேயின் இசைப் பகுதி இவையும் நல்லவை. மழை, கதவு, கூட்டம் மாதிரியான ஒலிகளுக்கு ஃப்ரீசவுண்ட். பார்சிலோனாவில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுக் குழு 2005இல் ஆரம்பித்தது.

பழைய சாஸ்திரிய இசை என்றால் பயமில்லை என்று பலர் சொல்வார்கள். பாதிதான் சரி. பாக் 1750இல் இறந்தவர், அவர் இயற்றியது இன்று யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் போன வருடம் ஒருவர் அதை வாசித்துப் பதிவு செய்திருந்தால் அந்தப் பதிவு அவருக்கோ அவருடைய நிறுவனத்துக்கோ சொந்தம். தியாகராஜர் கீர்த்தனைக்கும் இதே கதைதான். அதனால் பதிவையும் சேர்த்து விடுவித்திருக்கிறார்களா என்று பாருங்கள். மியூஸ்ஓபன் தளத்தில் அப்படிப்பட்டவை கிடைக்கும். கிமிகோ இஷிசாகா வாசித்த பாக்கின் கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ் 2012இல் சிசி ஸீரோவில் வெளியானது. சிசி என்றால் கிரியேட்டிவ் காமன்ஸ், கலைஞர்கள் தங்கள் படைப்பை மற்றவர்கள் எடுத்துக்கொள்ள அனுமதிக்கும் பொது உரிமங்கள்; ஸீரோ என்றால் எல்லா உரிமையையும் விட்டுக்கொடுத்தது. அதற்குப் பெயர் போட வேண்டிய கட்டாயம்கூட இல்லை. நான் போடுவேன், அப்படி வாசித்திருக்கிறார்.

இனி என் விஷயம். பழைய புத்தகங்களுக்கு பைண்டிங் செய்யும் ஒரு பெரியவரைப் பற்றி நண்பர் ஆவணப்படம் எடுத்தார். படத்தொகுப்பும் ஒலியும் என் பொறுப்பு. தாள்களைக் கோத்துத் தைக்கும் காட்சி ஒன்று, நீளமானது, பேச்சே கிடையாது. ஊசி தாளுக்குள் நுழைகிறது, நூல் உரசிக்கொண்டு வெளியே வருகிறது, பெரியவர் பெருவிரலால் புத்தகத்தின் முதுகை அழுத்துகிறார், அவ்வளவுதான். அதற்கு ஒரு பியானோ இசை கிடைத்தது. சிசி பை 4.0 உரிமம், அதாவது இசையமைத்தவர் பெயரைப் போட்டுவிட்டு எதற்கு வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். இடது கை ஸ்வரங்கள் நூலை இழுக்கும் வேகத்திலேயே விழுந்தன. அந்த இசைக்காக ஒரு ஷாட்டைக்கூட வெட்டவில்லை.

படத்தை யூடியூபில் ஏற்றிய அன்று இரவே காப்பிரைட் கிளெய்ம், அதாவது 'இந்த இசை எங்களுடையது' என்ற உரிமைகோரல், வந்துவிட்டது. நாங்கள் கேள்வியேபடாத ஒரு பாடலின் பெயர், நாங்கள் கேள்வியேபடாத ஒரு விநியோக நிறுவனம். விளம்பர வருமானம் இனி அவர்களுக்காம். நண்பர் பதறிப்போய், "வம்பு வேண்டாம், மியூசிக்கை எடுத்துட்டு வேற ஏதாவது போட்டுடு" என்றார். கிளெய்ம் வேறு, சேனலுக்கே தண்டனையாக வரும் ஸ்ட்ரைக் வேறு, கிளெய்மால் சேனலுக்கு ஆபத்தில்லை என்று சொல்லிப் பார்த்தேன். அவர் காதில் ஏறவில்லை.

அந்தப் பாடலைத் தேடிக் கேட்டேன். அதே பியானோதான். மேலே ஒரு டிரம்ஸ் அடியைப் போட்டு யாரோ தன் பாட்டு என்று வெளியிட்டிருந்தார். விநியோக நிறுவனம் விசாரிக்காமல் அதைக் கன்டென்ட் ஐடியில், அதாவது வீடியோக்களில் உள்ள ஒலியைத் தானாகவே ஒப்பிட்டுப் பார்க்கும் யூடியூபின் அமைப்பில், சேர்த்துவிட்டது. ஓர் ஒலியை அதில் சேர்க்க வேண்டுமானால் தனியுரிமை இருக்க வேண்டும் என்பது யூடியூபின் விதி. எல்லோரும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்துவிட்ட இசைக்கு யார் தனியுரிமை கோர முடியும்? ஆனால் இயந்திரத்துக்கு அது தெரியாது, ஒலி பொருந்தினால் கிளெய்ம் போட்டுவிடும்.

நான் அசராததற்குக் காரணம் ஒரு ஃபோல்டர். எந்த வேலையானாலும் 'உரிமம்' என்று ஒன்று வைத்திருப்பேன். இசையைப் பதிவிறக்கும்போதே அந்தப் பக்கத்தைத் தேதியும் முகவரியும் தெரிகிற மாதிரி பிடிஎஃப் ஆகச் சேமிப்பேன். கூடவே ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் இசையின் பெயர், இசையமைத்தவர் பெயர், உரிமத்தின் பெயர், பதிப்பு எண் எல்லாம் இருக்கும். ஆட்சேபணைப் படிவத்தில் 'உரிமம் இருக்கிறது' என்ற காரணத்தைத் தேர்ந்து, அந்த விவரங்களைச் சுருக்கமாக எழுதி அனுப்பினேன். பதில் சொல்ல அவர்களுக்கு 30 நாள் அவகாசம் உண்டு. அதற்கு முன்பே கிளெய்மை விலக்கிக்கொண்டார்கள். மன்னிப்பு எதுவும் வரவில்லை.

இசையமைத்தவருக்கும் எழுதினேன். இதே பாட்டால் வேறு சிலருக்கும் இதே தொல்லை வந்ததாகப் பதில் போட்டார், அலுத்துப்போயிருந்தார். பிற்பாடு அந்தப் பக்கத்தையே எடுத்துவிட்டார். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தைக் கொடுத்தபின் திரும்பப் பெற முடியாது, அதன்படி எடுத்தவர்களுக்கு அது செல்லும். ஆனால் பக்கமே இல்லாதபோது எந்த உரிமத்தில் எடுத்தீர்கள் என்று எதைக் காட்டுவீர்கள்? என்னிடம் பிடிஎஃப் இருக்கிறது. படம் அதே இசையோடு இன்னமும் ஓடிக்கொண்டிருக்கிறது. எனக்கு அதில் பெருமைதான், மறைக்கவில்லை.

சிசி உரிமத்தின் பெயரில் ஒட்டியிருக்கும் எழுத்துகளைப் படிக்காமல் எடுக்காதீர்கள். என்சி இருந்தால் வணிகத்துக்குக் கூடாது, விளம்பரம் வரும் வீடியோவுக்கு அதைத் தொடாமல் இருப்பதே நல்லது. எஸ்ஏ இருந்தால் உங்கள் வீடியோவையும் அதே உரிமத்தில் வெளியிட வேண்டும். பலர் கோட்டை விடுவது என்டியில்தான், அதாவது மாற்றியதை வெளியிடக் கூடாது என்ற நிபந்தனையில். இசையை மாற்றாமல் முழுசாகப் போட்டால் சரி என்று நினைக்கிறார்கள். அசையும் படத்தோடு இசையைச் சேர்ப்பதே மாற்றம் செய்ததாகத்தான் கணக்கு, ஆகவே என்டி உள்ள எதையும் வீடியோவில் வைக்க முடியாது. பெயர் போட விட்டுப்போனாலும் 4.0 பதிப்பில் ஒரு வழி இருக்கிறது. தெரிந்த 30 நாளுக்குள் சரிசெய்தால் உரிமம் தானாகத் திரும்பிவிடும். 'உரிமையாளருக்கு நன்றி, காப்பிரைட் மீறும் எண்ணம் இல்லை' என்று டிஸ்கிரிப்ஷனில் எழுதுவதால் மட்டும் ஒரு பயனும் இல்லை, அது அனுமதி ஆகாது.

இதைப் படித்துவிட்டு "இசைக் கலைஞருக்குக் காசு கொடுக்காமல் தப்பிக்க வழி சொல்கிறாயா" என்று கேட்க ஆள் வரும். இவை கலைஞர்களே யோசித்து விரும்பிக் கொடுத்தவை, திருட்டு இல்லை. பணம் இருக்கிற வேலைக்கு நானும் இசையமைப்பாளரைத்தான் கூப்பிடுகிறேன். மேலே சொன்ன எந்தத் தளத்தோடும் எனக்குக் கொடுக்கல் வாங்கல் கிடையாது. நான் வழக்கறிஞரும் இல்லை. பெரிய தொகை புரளும் வேலை என்றால் ஒருவரைப் பார்த்துக் கேட்டுவிடுங்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இலவசமாகக் கிடைக்கிறது என்பதற்காக முதல் நொடியிலிருந்து கடைசி நொடிவரை இசையை ஓடவிடுகிறார்கள். வேறொரு படத்தில் ஒரு பாட்டி பேசும் காட்சிக்கு ஒலி சேர்த்தேன். அவர் நாற்காலியில் சாய்ந்து உட்காரும் கிரீச், பேச்சுக்கு நடுவே மூச்சு வாங்குவது, ஜன்னலுக்கு வெளியே மைனா, எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து வைத்தேன். எடுக்கச் சொன்ன அமைப்பு கடைசி நேரத்தில் அதன்மேல் ஒரு வயலினைப் பூசி வெளியிட்டது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பாட்டி சொல்வதே பாதி கேட்கவில்லை. இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

அதனால் தேடப் போவதற்கு முன் உங்கள் வீடியோவை இசை இல்லாமல் ஒருமுறை முழுக்க ஓட்டிப் பாருங்கள். இசை தேவைப்படுகிற இடங்களை டைம்லைனில் குறித்துக்கொண்டு, அப்புறம் அந்த இடங்களுக்கு மட்டும் தேடுங்கள்.